அம்மாவின் கை படாத கடிதம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மாவின் ஆசிகள். உன் வயிறு எப்படி இருக்கிறது என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். இங்கே நான் நலம், அதுதான் என் மேல் உள்ள குற்றச்சாட்டு. நான் கப்பலில் அனுப்பிய பார்சலைப் பிரிக்காதே என்று உன் தங்கை வாலு போனில் சொன்னதற்கு, இதுவும் அவளுடைய குறும்பு என்று சிரித்தாயாம். குறும்பில்லை. நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள், என் கை பட்டால் காகிதத்துக்கும் காய்ச்சல் வந்துவிடுமோ என்னவோ. (அண்ணா, அம்மா இன்று கொதிநிலையில் இருக்கிறாள், பக்கத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது. வாலு.)

அச்சகத்துக் கேன்டீனில் என் சமையலைச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் போன வாரம் வாந்தியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார்கள். மிஷின்கள் நின்றுவிட்டன, கழிப்பறை வாசலில்தான் கூட்டம். மேனேஜர் என்னைப் பார்த்து, "எல்லாரும் சுருண்டு கெடக்காங்க, நீங்க மட்டும் எப்படிம்மா குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்க?" என்றார். நோய் வராததற்கு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். படுத்தவர்களை மட்டுமல்ல, நன்றாக இருந்தவர்களையும் பிடித்து என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தாள். முட்டை தொடாதவர்களும் படுத்திருந்தார்கள், அதே தண்ணீரைக் குடித்தவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். படுத்தவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டது என் உருளைக்கிழங்கு மசியல். வெந்ததில் ஏது கிருமி என்று சண்டைக்குப் போனேன். "வெந்த பிறகு என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?" என்றாள். ஆறியதும் கையால்தான் பிசைவேன், பிசைந்து மதியம் வரை மூடி வைப்பேன், அதுதான் என் கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சமையலறை ஆட்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு குட்டி டப்பாவைக் கொடுத்து மலம் கேட்டாள். காலமெல்லாம் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொடுத்த கையில் இப்படியொரு டப்பா.

கிருமி என் டப்பாவில்தான் இருந்தது. முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்து தானாக நின்றதே, அப்போது உடம்பின் காவல்படை விரட்டியதில் தப்பிய சில, பித்தப்பைக்குள் ஒளிந்துகொண்டனவாம். என் படைக்கு அவற்றின் முகம் தெரியும், தலை தூக்கினால் தட்டி வைக்கும், அதனால் எனக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு அவை புது முகம், அடையாளம் கண்டு ஆயுதம் எடுப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும் என்றார் டாக்டர். வாடகையும் தராமல், சொல்லாமல் கொள்ளாமல் என் வயிற்றில் குடித்தனம். (சங்கம் வைக்காத குறைதான். வாலு.)

அதையாவது பொறுப்பேன். கை கழுவும் தொட்டியில் சோப்பு எங்கே என்று அந்தப் பெண் கேட்டதும் மேனேஜர் பையிலிருந்து சாவியை எடுத்து, "வெளிய வச்சா காணாப் போகுது மேடம், அலமாரியில பத்திரமா இருக்கு" என்றார். உறை கூடப் பிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்திலேயே சுத்தமாக இருந்தது அந்தச் சோப்பு ஒன்றுதான். அவர் இன்றும் நாற்காலியில் இருக்கிறார், நான் மாத்திரையோடு வீட்டில் இருக்கிறேன். புத்தகம் தைக்கிற பெண் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் அவளைப் பார்க்கப் போனால், "உங்க கை ருசிக்காகத்தாங்க்கா ரெண்டாவது தட்டு வாங்கினேன்" என்கிறாள். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அந்தப் பார்சலில் இருப்பது நான் உருட்டிய இனிப்பு உருண்டைகள். உனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சாப்பிடு சாப்பிடு என்று துரத்தியவள் சொல்கிறேன், சாப்பிடாதே. ஒன்றே ஒன்று என்று ஆசைப்படாதே, அறைக்கூட்டாளிக்கும் கொடுக்காதே, அப்படியே குப்பையில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. இதையும் வாலுவின் விளையாட்டு என்று நீ சிரிப்பாய், அதனால் கீழே உள்ளதை மட்டும் நானே எழுதுகிறேன்.

சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிய கையால்,
உன் அம்மா.