ஹீட்டர்காரன் சட்டசபைக்குப் போகலாமா?

ஜனவரி 14, புதன்

வீடு சூடாக்கும் எண்ணெய் ஹீட்டர்களைப் பழுது பார்க்க இன்று மூன்று நிலவறைகளில் மண்டி போட்டாயிற்று. மூன்றாவது, டக் ஹாஸ்கெல் வீடு. கட்சியின் வட்டாரச் செயலாளர். அவன் ஹீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தனியாகப் பிடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"நம்ம எம்.எல்.ஏ. கிழவர் இந்தத் தடவை சட்டசபைக்கு நிக்கலையாம். நீ நிக்கிறியா அர்மான்?"

"பள்ளிக்கூடத்தையே தத்தித் தத்தித் தாண்டினவன்யா நான்."

"உன்னைத் தெரியாத வீடு இந்தத் தொகுதியில உண்டா?"

வீடு தெரியாது, நிலவறைதான் தெரியும் என்றேன். சிரித்தான். நாலு பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டு மார்ச்சுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நானும் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் என் மகள் கோலெட்டுக்கு மார்ச்சில் பிரசவம். ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை கிறிஸ்துமஸோடு மூடிவிட்டார்கள். இனிமேல் பனியில் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். தலைநகர் அகஸ்டாவில், சட்டசபையில் போய் இதை யார் கேட்பது?

ஜனவரி 15

ஜினெட்டிடம் சொன்னேன். "கோட்டு இருக்கா உனக்கு?" என்றாள் என் மனைவி. இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்குப் போட்டது. பொத்தான் போட்டேன், மூச்சு விட முடியவில்லை.

ஜனவரி 31, சனி

நாலு பேரைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரே கூடிச் சாப்பிடும் சனிக்கிழமை பீன்ஸ் விருந்துதான். ஒரே மாலையில் மாதா கோயில் கூடத்தில் ஒன்று, பாப்டிஸ்டுகள் கூடத்தில் ஒன்று. ஓரிடத்தில் மட்டும் சாப்பிட்டால் பாதித் தொகுதி போச்சு. இரண்டிலும் உட்கார்ந்தேன்.

"எங்க பீன்ஸ் நல்லாருக்கா, அவங்க பீன்ஸா?" என்று பாப்டிஸ்ட் அம்மாள் ஒருத்தி மடக்கினாள்.

"இன்னொரு கரண்டி போடுங்க, சொல்றேன்."

இப்படித்தான் அரசியல்வாதி ஆகிறார்கள் போலிருக்கிறது. வயிறு இன்னும் உறுமுகிறது. ஜினெட் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8

கதவு கதவாகத் தட்டினேன். "சட்டசபைக்கு நிற்கலாமா என்று ஒரு யோசனை" என்று ஆரம்பிப்பேன். "நல்ல வேளை வந்தீங்க, கீழ ஏதோ சத்தம் வருது" என்பார்கள். ஓட்டு உண்டோ இல்லையோ, சட்டையெல்லாம் எண்ணெய்.

மலைமேட்டு வீட்டில் தனியாக இருக்கும் லாபோன்ட் அம்மாள் மட்டும் நேராகச் சொன்னாள்:

"உனக்கா? போட மாட்டேன் தம்பி."

"ஏம்மா?"

"சட்டசபை ஜனவரியிலதானே கூடுது? நீ அங்க உக்காந்து கை தூக்கிட்டிருந்தா என் ஹீட்டரை யாரு பாப்பா? அங்க எவனை வேணா அனுப்பலாம். உன்னை விட முடியாது."

அன்பாகத்தான் சொன்னாள். கேக்கும் கொடுத்தாள். சத்தம் வந்தால் கூப்பிடுகிறேன் என்றாள்.

பிப்ரவரி 9

இன்றும் எல்லா வீட்டிலும் அதே பதில். கேக் மட்டும் இல்லை.

பிப்ரவரி 16

எனக்கு எதுக்கு இந்த வேலை? என்னைப் பிடிக்குமாம், அதனாலதான் ஓட்டு கிடையாதாம்! பிடிக்காமப் போக என்னதான் பண்ணணும் — ஊர் ஹீட்டரையெல்லாம் உடைச்சுப் போடணுமா? முட்டி விண்விண்ணுன்னு தெறிக்குது. போதும். டக்கிடம் முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதான்.

போனை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கோலெட் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆஸ்பத்திரி போகும் வழியில் எங்கெங்கே போன் சிக்னல் கிடைக்காது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கவிழ்த்து வைத்தாள்.

டக்கைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 22

லாபோன்ட் அம்மாள் ஹீட்டர் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போனேன்.

"உன் பொண்டாட்டி வியாழக்கிழமையே வந்து பாத்துட்டாளே! ஃபில்டர் அடைச்சிருந்துச்சாம். உன்னை மாதிரி எண்ணெயைக் கொட்டிட்டுப் போகலை."

கேக்கை நீட்டிக்கொண்டே, "இப்ப நீ தாராளமா சட்டசபைக்குப் போகலாம் தம்பி" என்றாள்.

வழியெல்லாம் அதை மென்றுகொண்டே வந்தேன். வீட்டில் கேட்டேன்.

"நீ கதவு தட்டப் போயிருந்த. குளிர்ல கிழவியை அப்படியே விடச் சொல்றியா?" என்றாள் ஜினெட். "இத்தனை வருஷமா உன் போனை எடுக்கிறது யாரு? எந்தச் சத்தத்துக்கு எந்தச் சாமான்னு நான் சொல்லித்தானே நீ எடுத்துட்டே போற? ஹீட்டர் ரிப்பேர் லைசென்ஸ் பரீட்சைக்குப் பேரு குடுத்துட்டேன்."

உண்மைதான். உண்மை என்பதுதான் வலிக்கிறது. ஊர் என்னை விடாது என்று ஒரு கௌரவம் இருந்தது. அதுவும் போச்சு.

மார்ச் 6

விடியும் முன்னே கோலெட்டுக்கு வலி. நான் ஓட்டினேன், பின்னால் ஜினெட் மடியில் அவள். முன்னால் பனி தள்ளும் லாரி ஆமையாக ஊர்ந்தது.

"முந்திட்டுப் போப்பா!"

"எதுவும் தெரியலைம்மா, எல்லாம் வெள்ளை."

அதற்குப் பிறகு அவள் கத்தினாள். சிக்னல் இல்லாத இடங்கள் எல்லாம் அவள் வரைபடத்தில் பார்த்து வைத்த இடத்திலேயே வந்தன.

ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். இரண்டு பேரும் நலம். எங்களுக்கு நல்லபடி முடிந்தது. முடியாத வீட்டுக்கு யார் பதில் சொல்வார்கள்?

மார்ச் 7

டக்கைக் கூப்பிட்டேன். நிற்கிறேன் என்றேன்.

ஜனவரி 12

புது டைரி. கோலெட் வாங்கிக் கொடுத்தது. பழையதில் மார்ச்சுக்கு அப்புறம் எழுத நேரமே இல்லை; ஓட்டுக் கேட்டு ஜெயிப்பதற்கே வருஷம் போய்விட்டது.

அகஸ்டாவில் வாடகை அறை. ஹீட்டர் நின்றுவிட்டது. "ஆள் நாளைக்கு வருவாரு. நீங்க எதையும் தொடாதீங்க சார்" என்கிறார் வீட்டுக்காரர். சார்!

கல்யாணக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜினெட் தையலைப் பிரித்து விட்டிருக்கிறாள், மூச்சு விட முடிகிறது. பிரசவ வார்டு விஷயம் நாளை சட்டசபைக் குழுவுக்கு வருகிறது. பேச எனக்கு மூன்று நிமிடம்.

ஜினெட்டைக் கூப்பிட்டேன். "சீக்கிரம் சொல்லு, லாபோன்ட் அம்மா வீட்டு நிலவறையில இருக்கேன்" என்றாள். இங்கே ஹீட்டர் நிற்கும் முன் கேட்ட சத்தத்தைச் சொன்னேன்.

"சிவப்புப் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்து. ஹீட்டர் எரியப் பிடிக்கலைன்னா திரும்பத் தொடாதே."

இது எனக்குத் தெரியாதா?

"சரிங்க மேடம்" என்றேன். கீழே இறங்கிப் போய் அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.