காக்கா வராத புறவாசல்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்க இருக்கும்போது நான் உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதினது இல்ல. நாலடி தள்ளி உக்காந்திருக்கிற மனுசனுக்கு என்னத்தை எழுத? சொல்லவேண்டியதை எல்லாம் அடுக்களையில இருந்தே சத்தம் போட்டுச் சொல்லியாச்சு. அதுலயும் முக்காவாசி திட்டு. இப்ப திட்டுறதுக்கு ஆளு இல்ல, அதான் எழுதுதேன். நம்ம பய இதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமாம்மான்னு கேட்டான். அனுப்புலே, நாலு பேரு படிச்சாத்தான் அவுக காதுக்கும் எட்டும்னு சொல்லிட்டேன்.

முதல்ல வீட்டுச் சேதி. கொய்யா இந்த வருசம் காய்ச்சுத் தள்ளுது. பாதியைக் கிளி கொறிச்சுப் போட்டுருது, மீதியை அணிலு. தவிட்டுக்குருவி வழக்கம்போல ஏழெட்டாச் சேர்ந்து வந்து, கல்யாண வீட்டுல சம்பந்தி சண்டை போடுத மாதிரி கத்திட்டுப் போகுதுக. தேன்சிட்டு துணிக்கொடியில உக்காந்து ஊஞ்சலாடுது. கொடியில இப்ப உங்க வேட்டி இல்லாததால எச்சம் பூராவும் என் சேலையிலதான்.

திருவேங்கடம் போற டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன மறுநாளே நீங்க புறவாசல்ல போயி நின்னீங்க. அங்கன என்ன இருந்துச்சு அத்தான்? ஒரு துவைக்கல்லு, ஒடைஞ்ச சிமெண்டுத் தொட்டி, ஒரு முருங்கை. அந்த எடத்துல செம்பருத்தி வச்சீங்க, கொய்யா வச்சீங்க. தேங்காச் செரட்டையில கயித்தைக் கோத்துத் தொங்கவிட்டு, குருவி தின்னக் கம்பு போட்டீங்க. பழைய மண்சட்டியில தண்ணி வச்சீங்க. ஒரு மாசம் ஒரு குருவியும் எட்டிப் பாக்கல. பஸ்ல அத்தனை கூட்டத்தை ஏத்தி எறக்கின மனுசன், ஒரு குருவிக்காக பிளாஸ்டிக் சேர்ல அசையாம உக்காந்திருந்தீங்க. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

ஒருநாள் காலையில உள்ள ஓடி வந்து, "சொர்ணம், வந்துட்டாக"ன்னு சொன்னீங்க. நான் யாரோ விருந்தாளின்னு நெனச்சு காப்பிக்குத் தண்ணியை அடுப்புல வச்சுட்டேன். போயிப் பாத்தா ரெண்டு அடைக்கலாங்குருவி. அந்தக் காப்பியை நாம ரெண்டு பேரும் புறவாசப்படியில உக்காந்து குடிச்சோம், ஞாபகம் இருக்கா?

குருவி வந்தா பின்னாலயே காக்காயும் வரும்லா. முட்டையைத் தூக்கிச்சு, குஞ்சைத் தூக்கிச்சு. நீங்க பொட்டியில பூட்டி வச்சிருந்த உங்க கண்டக்டர் விசிலை வெளிய எடுத்தீங்க. பஸ்ல ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா போ. காக்காய்க்கு எப்பவும் ரெண்டு விசில்தான். முதல்ல குருவியும் சேந்து பறந்துச்சு, அப்புறம் அதுகளுக்குப் பழகிப்போச்சு. காக்காய்க்கு மட்டும் பழகல. ஆறு வருசத்துல நம்ம வீட்டுச் சுவத்துல காக்கா உக்காருததே நின்னுபோச்சு. தெருவுல எல்லாரும், 'என்ன சொர்ணம், பஸ்சு கெளம்பிட்டா'ன்னு கேப்பாக. எனக்கு வெக்கமா இருக்கும்.

இப்ப அந்தக் கடைசி வாரத்துக்கு வாரேன். எழுதாம விட்டுரலாம்னு பாத்தேன், முடியல.

முனிசிபாலிட்டி ஆளுக கொசுப்புழு இருக்கான்னு வீடு வீடாப் பாத்துட்டு வந்தாகல்லா. உங்க மண்சட்டித் தண்ணியில புழு நெளிஞ்சுது. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. வாசல்ல வச்சு, நாலு பேரு பாக்க, எனக்குத்தான் புத்தி சொன்னாக. எனக்கு மானம் போன மாதிரி இருந்துச்சு. நீங்க வந்ததும் வராததுமா நான் அந்தச் சட்டியைத் தூக்கித் துவைக்கல்லுல ஒரே போடு போட்டேன். நாலு துண்டு. "இந்த வீட்டுல ஒண்ணு ஒங்க குருவி இருக்கட்டும், இல்லேன்னா நான் இருக்கேன்"னும் சொன்னேன்.

நீங்க துண்டுகளைப் பொறுக்கி முருங்கை மூட்டடியில போட்டுட்டு, சட்டையை மாட்டிட்டு வெளிய போயிட்டீங்க. ரெண்டு நாளு எங்கிட்ட பேச்சு இல்ல. சாப்பிடுதீங்களான்னு கேட்டா 'ம்'. மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா 'ம்'. மூணாம் நாளு விடியக்காலம் நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தீங்க. ஆட்டோ வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. முப்பத்தஞ்சு வருசம் வாழ்ந்துட்டு, கடைசியா எனக்கு நீங்க விட்டுட்டுப் போனது அந்த 'ம்'தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நெறைய ஆளு. உங்களுக்குப் பிடிச்ச அவியலு, உளுந்தவடை, பாயாசம், எல்லாம் இலையில வச்சு புறவாசல் சுவத்து மேல வச்சோம். காக்கா எடுத்தாத்தான் மத்தவுக பந்தியில உக்காரணும். ஒரு காக்காயும் வரல. அக்கம்பக்கத்து மாடியில எல்லாம் உக்காந்து கத்துது, நம்ம சுவத்துக்கு மட்டும் வரல.

'அண்ணாச்சிக்கு மனசுல ஏதோ கொறை இருக்கு'ன்னு வந்தவுக பேச ஆரம்பிச்சுட்டாக. உங்க தம்பி கையைக் கூப்பிக்கிட்டு, "அண்ணே, மைனியை நாங்க பாத்துக்கிடுதோம், எடுத்துக்கோ"ன்னாரு. வரல. நம்ம பய, "அப்பா, நான் மாசம் ஒருக்க ஊருக்கு வாரேன்"னு சொல்லி அழுதான். அதுக்கும் வரல. மணி மூணாச்சு, பிள்ளைகளுக்குப் பசி. கடைசியில உங்க தம்பி இலையோட தூக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரமா வச்சாரு. ஒரு நிமிசத்துல பத்து காக்கா வந்து தின்னுட்டுதாம். "அண்ணனுக்கு உசிரே பஸ் ஸ்டாண்டுலதான்"னு அவரு சொன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டே சாப்பிட உக்காந்தாக.

எனக்குச் சோறு எறங்கல. கொறை என்னன்னு எனக்குத் தெரியும்லா. வேற யாருகிட்டயும் சொல்லல, நம்ம பயகிட்ட கூட. சட்டியை ஒடைச்ச கோவத்தோடயே போயிட்டீக, அதான் என் கையால வச்சதை எடுக்கலன்னு மனசுல தைச்சுப்போச்சு.

பக்கத்து வீட்டு மைமூன் அக்காகிட்ட மட்டும் காக்கா வரலைன்னு சொல்லி அழுதேன். கடையநல்லூர்ல பொறந்தவுக, வெடுக்குன்னு பேசுவாக. "ஏட்டி, ஆறு வருசமா விசில் ஊதி வெரட்டிட்டு, இப்ப இலை போட்டுக் கூப்பிட்டா வருமாட்டி? காக்கா ஆளை மறக்காது"ன்னாக. சரியாத்தான் சொல்லுதாக. புத்திக்கு வெளங்குது, மனசு கேக்க வேண்டாமா?

அதுல இருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் இலை வச்சேன். விசிலை எடுத்து அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன், காக்கா கண்ணுல படாம இருக்கட்டும்னு. முறுக்கு உடைச்சுப் போட்டுப் பாத்தேன். ஒருநாள் கருவாடு கூட வச்சேன், நீங்க சிரிப்பீங்க. சுவத்துல பூனை வந்து தின்னுட்டுப் போச்சு. 'அத்தான், சட்டியை ஒடைச்சது தப்புதான், எடுத்துக்கோங்க'ன்னு வாயிக்குள்ளயே சொல்லிட்டு நிப்பேன். காத்துதான் அடிக்கும்.

இதுக்கு நடுவுல செம்பருத்தியில ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டிச்சு. வாலுக்கடியில செவப்பா இருக்குமே, உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. என் முழங்கை உசரத்துலதான் கூடு, கையை நீட்டினா தொட்டுரலாம். ஆணும் பொண்ணும் மாறி மாறிப் புழு கொண்டாந்து ரெண்டு குஞ்சுக்கும் ஊட்டுச்சு. நான் அந்தப் பக்கம் துணி காயப்போடுததையே விட்டுட்டேன். இதை உங்ககிட்ட சொன்னா நம்புவீங்களா?

ஆடி அமாவாசை வந்துச்சு. அன்னைக்கு வெயிலும் காத்தும் ஒண்ணுபோல. குளிச்சு, சமைச்சு, இலையைச் சுவத்துல வச்சுட்டுக் கையைக் கூப்பி நின்னேன். வந்துச்சு அத்தான். கழுத்துல சாம்பல் நெறத்தோட ஒரு காக்கா, வந்து சுவத்துல உக்காந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி. 'வந்துட்டீகளா'ன்னு கேட்டேன். அது தலையைச் சாய்ச்சு இலையைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. அப்புறம் செம்பருத்தியைப் பாத்துச்சு.

வடையைத் தொடவே இல்ல. ஒரு தத்து தத்தி செம்பருத்திக் கொப்புக்குப் போயிட்டுது. கொண்டைக்குருவி ரெண்டும் கத்துத கத்து, கேக்க முடியல. காக்கா கூட்டுக்குள்ள மூக்கை நீட்டுச்சு.

நான் யோசிக்கல. அடுக்களைக்கு ஓடினேன், அரிசிப் பானைக்குள்ள கையை விட்டேன், விசிலோட ஒரு பிடி அரிசியும் வந்துச்சு. வாசப்படியில நின்னு ரெண்டு விசில் ஊதினேன். எனக்கு அவ்வளவு மூச்சு இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். காக்கா கெளம்பிப் போயே போச்சு. குஞ்சு ரெண்டும் கூட்டுல பத்திரமா இருந்துச்சு.

அப்புறம்தான் நான் என்ன பண்ணிட்டேன்னு உறைச்சுது. ஆறு மாசமா கையைக் கூப்பிக் கூப்பிட்டதை, வந்த அன்னைக்கே வெரட்டிட்டேனே. விசிலைக் கையில வச்சுக்கிட்டே படியில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணும் தோணுச்சு. அது நீங்களா இருந்தா கூட்டுப் பக்கம் போயிருக்கவே மாட்டீங்க. அந்த நெனப்புல அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

சுவத்துக்கு அந்தப் பக்கம் மைமூன் அக்கா தலை தெரிஞ்சுது. மொகம் வெளிறிப்போயி இருந்துச்சு. "ஏட்டி, விசில் நீயா ஊதின? எனக்கு ஒரு நிமிசம் கையும் ஓடல காலும் ஓடல"ன்னாக.

"நான்தான் அக்கா. இங்கன குஞ்சு இருக்கு. தாய்க்குருவி வெயிலுல வாயைப் பொளந்துட்டு நிக்குது. பழைய சட்டி எதுவும் கெடந்தா குடுங்களேன், தண்ணி வைக்கணும்"னேன்.

அக்கா என்னையே பாத்தாக. உள்ள போயிட்டு, ஒரு மண்சட்டியோட வந்தாக. புதுச்சட்டி. கடையில கட்டிக் குடுத்த சணல்கயிறு கூட அவுக்கல.

"அண்ணாச்சி மவுத்தாவுததுக்கு மொதநா கொண்டாந்து வச்சாரு. 'இப்பக் குடுத்தா இதையும் ஒடைச்சிருவா. கோவம் தணிஞ்சா அவளே வந்து சட்டி கேப்பா, அன்னைக்குக் குடுங்க'ன்னு சொன்னாரு. நீ கேக்கவே இல்லியேட்டி. அழுதுட்டு இருக்கவகிட்ட சட்டியைக் கொண்டு நீட்டவா முடியும்?"

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு. "கோவமாவா சொன்னாரு?"

"கோவமா? சிரிச்சுட்டுல்லா சொன்னாரு. நான் இப்ப அவகிட்ட பேசினா சிரிச்சுருவேன், அதான் பேசாம இருக்கேன்னும் சொன்னாரு."

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே எவ்வளவு நேரம் அழுதேன்னு தெரியல. நல்லாருக்கு அத்தான் உங்க நியாயம். சுவத்துக்கு அங்கன சிரிப்பு, இங்கன எனக்கு 'ம்'. அந்தச் சிரிப்பை எனக்கு ஒருக்கக் காட்டிட்டுப் போயிருந்தா கொறைஞ்சா போயிருவீங்க? ஆறு மாசம் நான் கஞ்சிகூட நிம்மதியாக் குடிக்கலயே. ஆனா நான் சட்டி கேப்பேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கே தெரியாம இருந்துச்சு.

சட்டியைச் செம்பருத்தி நிழல்ல வச்சிருக்கேன். கொண்டைக்குருவிக் குஞ்சு ரெண்டும் பறந்துபோயிட்டுது. முதமுதல்ல ரெண்டும் அந்தச் சட்டி விளிம்புல வந்துதான் உக்காந்துச்சு. ஒண்ணு வழுக்கி உள்ள விழுந்து, நனைஞ்சுபோயி முழிச்சுது. நீங்க பாத்திருக்கணும்.

இப்ப என் வாக்கைக் கேட்டுக்கோங்க. சட்டித் தண்ணியைத் தெனமும் காலையில காப்பிக்கு முன்னாலயே மாத்திருவேன், இனி ஒரு புழு நெளியாது. அமாவாசை இலையை இனிமே மொட்டமாடியில வைப்பேன், காக்காய்க்கும் வயிறு இருக்குல்லா. நீங்க காக்காயா வந்தீங்கன்னா நேரா மாடிக்கு வந்து ஒரு வடையாவது எடுத்துக்கோங்க. புறவாசல் கூட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்க. வந்தது நீங்களே ஆனாலும் ரெண்டு விசில்தான்.

உங்க மாமா மக, உங்க சட்டியை ஒடைச்சவ, கேட்டு வாங்கினவ,
சொர்ணம்
சங்கரன்கோவில்