முன்பக்கத்துக்குச் சிமெண்டு அட்டை

1961 ஏப்ரல் 6, வியாழன்

இன்றைக்கும் பொறி பறந்தது. கடைக்குச் சால்னா கொதித்துக்கொண்டிருந்தபோது புளிய விறகு வெடித்து, பொறி மேலே போய்க் கீற்றில் ஒட்டியது. ஜெய்தூன்தான் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை வீசி அணைத்தாள். மாதம் பிறந்து ஆறு நாள்தான் ஆகிறது. இது மூன்றாவது தடவை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் வீட்டுக்காரர் ஜெகபர் அலியின் கடை என்றால் திண்டுக்கல்லில் தெரியாதவர் கிடையாது. அந்தக் கடைக்குப் போகிற சோறும் சால்னாவும் இங்கே, வீட்டுக்குப் பின்னாலிருக்கிற கீற்றுக் கொட்டகையில், நானும் என் மகள் ஜெய்தூனும் ஆக்கிப்போடுவது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்தியானம் அவரிடம் சொன்னேன். "கூரையை மாத்திருவோம் சல்மா" என்றார். எப்போதும் போல 'ம்' கொட்டாமல் வாயைத் திறந்தே சொன்னார். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஓடு வேண்டாம் என்றார். பாரத்தைக் கொட்டகையின் மண்சுவர் தாங்காது. தகரம் வேண்டாம் என்றேன் நான். எதிர்வீட்டில் போட்டார்கள், அடுப்புப் புகை பட்டு இரண்டே வருஷத்தில் துரு ஏறிச் சல்லடையாகிவிட்டது. புதிதாகச் சிமெண்டு அட்டை வந்திருக்கிறதாம். அட்டை விற்கிற கடைக்காரர் 'ஆஸ்பெஸ்டாஸ்' என்கிறார். உடைந்த துண்டு ஒன்றை இவர் கையோடு வாங்கி வந்திருந்தார். சாம்பல் நிறம், அலை அலையாக இருக்கிறது. தட்டினால் மண்சட்டிச் சத்தம்.

"தீப்பிடிக்காதாம், செல்லரிக்காதாம்."

விற்கிறவன் என்னதான் சொல்லமாட்டான்? துண்டை அடுப்புக்குள் சொருகி வைத்தேன். ஓர் உலை கொதிக்கிற நேரம். எடுத்தபோது கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

"இதையே போடுவோம்" என்றேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 19, புதன்

மாட்டு வண்டியில் அட்டை வந்து இறங்கியது. பன்னிரண்டுதான் கிடைத்ததாம். அடுத்த லோடு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. பரவாயில்லை, கொட்டகைக்குப் பன்னிரண்டு சரியாக இருக்கும். வைக்கோல் பரப்பி அடுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 20, வியாழன்

பெரிய மச்சான் வந்தார். இவருடைய அண்ணன் அப்துல் லத்தீப். தோல் வியாபாரம். எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அவர் வாயில் புகுந்துதான் வெளியே வரும். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"பக்ரீத் முடிஞ்சு சேவுகம்பட்டியிலருந்து ஜெய்தூனைப் பொண்ணு பாக்க வாராக. அவுகளைக் கீத்துக்குக் கீழயா உக்கார வைக்கிறது? அட்டையை முன்பக்கம் போடு. அடுப்படியை யாரு வந்து பாக்கப்போறா?"

"அதுவும் சரிதாண்ணே."

அதுவும் சரிதானாம்! இத்தனைக்கும் அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுப்படியை யாரு பாக்கப்போறான்னா கேட்டாரு? நான் பாக்குறேனே. பதினெட்டு வருஷமா நாந்தானே பாத்துக்கிட்டிருக்கேன். நான் யாரு? ஆளில்லையா?

மே 2, செவ்வாய்

ஆசாரி அந்தோணிமுத்து ஆளோடு வந்து முன்பக்கத்துக் கீற்றைப் பிரித்து அட்டையை ஏற்றினார். ரம்பத்தால் அறுத்ததில் வெள்ளைத் தூசி வீடு முழுக்க. தெருவே நின்று பார்த்தது. நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. தூசியை மட்டும் கூட்டி அள்ளினேன். அதற்கு நான் வேண்டும்.

போகும்போது அந்தோணிமுத்து, "அடுப்படிக்குத்தான்னு நெனச்சு அளவு குறிச்சு வச்சிருந்தேன்மா. முதலாளி மாத்திச் சொல்லிட்டாக" என்றார். ஆசாரிக்குத் தோன்றியது அவருக்குத் தோன்றவில்லை.

மே 9, செவ்வாய்

கையில் கரிகூடப் போகவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

பதினோரு மணி இருக்கும். காற்று சுழற்றி அடித்தது. நான் சோற்று அண்டாவை இறக்கப்போக, எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க ஜெய்தூன் குனிந்திருந்தாள். மேலே சடசடவென்று சத்தம். நிமிர்வதற்குள் கீற்று எரிந்து கற்றையாக அவள் மேல் விழுந்தது. தாவணியை உருவி எறிந்தேன். இடது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சாயி வேலியைத் தாண்டி வந்து மண்ணை அள்ளி அள்ளி வீசினாள். இருந்த கஞ்சித் தண்ணீரையெல்லாம் நான் ஊற்றினேன். கொட்டகையில் பாதி போயிற்று.

கடையிலிருந்து அவர் ஓடி வந்தார். வாசற்படியில் மூச்சு வாங்க நின்று கேட்ட முதல் வார்த்தை—

"சால்னா தப்பிச்சுச்சா?"

கேட்டார். என் காதால் கேட்டேன். பிறகுதான் பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகுதான் "யா அல்லா" என்று உட்கார்ந்தார். பிறகு அழுதார்கூட. இருக்கட்டும். முதல் வார்த்தை அதுதான். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

மே 10, புதன்

விடிந்ததும் புதுக் கீற்று வந்து இறங்கியது. மத்தியானத்துக்குள் வேய்ந்துவிட்டார்கள். மறுபடியும் கீற்று! "நாளையிலருந்து சமைக்கலாம்ல?" என்று கேட்கிறார். கம்பவுண்டர் கொடுத்த களிம்பை ஜெய்தூனுக்குத் தடவிக்கொண்டிருந்தேன்.

மே 11, வியாழன்

காலையில் ஆறு செங்கல்லைத் தூக்கி வந்து முன்கூடத்தில், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரோரமாக அடுக்கினேன். விறகை வைத்தேன். அண்டாவை ஏற்றினேன்.

"ஏ சல்மா, பைத்தியமா புடிச்சிருச்சு ஒனக்கு?"

"தீப்பிடிக்காத கூரை இந்த வீட்டுல இது ஒண்ணுதானேங்க. இங்கேதான் ஆக்குவேன். வேணாம்னா சொல்லுங்க, கடையைப் பூட்டிருவோம்."

சன்னல் வழியாகப் புகை தெருவுக்குப் போயிற்று. சால்னா பத்தரைக்கெல்லாம் தயார்.

மே 14, ஞாயிறு

பெரிய மச்சான் புகையைப் பார்த்துவிட்டுத் தெருவிலிருந்தே சத்தம் போட்டார். "இது வீடா, சத்திரமா? தம்பி, பொம்பளையை அடக்கி வையி."

இத்தனை வருஷமாக அவர் முன்னால் நான் பேசியதில்லை. இன்றைக்குக் கதவைத் திறந்து வாசலுக்கே வந்தேன். முக்காட்டை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மச்சான், உங்க வீட்டு மகளா இருந்தா அந்தக் கீத்துக்குக் கீழே நிக்கச் சொல்வீகளா?"

"எதுத்தா பேசுற?"

"கேள்விதான் கேக்குறேன். பதில் இருந்தாச் சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் தூணோடு தூணாக நின்றார்.

மே 17, புதன்

ஒன்று எழுதத்தான் வேண்டும். இந்த அட்டைக்குக் கீழே மத்தியானத்தில் தலை கொதிக்கிறது. கீற்றுக்குக் கீழே இந்த வெக்கை கிடையாது. அடுப்பு கீழே, வெயில் மேலே. அவரிடம் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

மே 28, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். ஜெய்தூனுக்காக நேற்றே கூடத்தைக் காலி செய்து கொடுத்தேன். கரி பிடித்த சுவருக்கு இவர் மறுபடி சுண்ணாம்பு அடித்தார். சாப்பாட்டை வெட்டவெளியில், முருங்கை மரத்தடியில் ஆக்கினேன்.

மாப்பிள்ளையின் அம்மா ரம்ஜான் பீவி தெருவில் நின்று மேலே பார்த்து, "அட்டை போட்டிருக்கீகளா, எடுப்பா இருக்கே" என்றார். பெரிய மச்சானுக்கு வாயெல்லாம் பல். உள்ளே உட்கார்ந்து செத்த நேரத்தில் அந்தம்மா முந்தானையால் விசிறத் தொடங்கினார். ஜெய்தூன் சர்பத் கொண்டுவந்தாள். முந்தானையால் கையை மூடிக்கொள் என்று சொல்லியிருந்தேன். தட்டை நீட்டும்போது விலகிவிட்டது.

"இது என்ன தாயி?"

"அடுப்படிக் கூரை எரிஞ்சு விழுந்துச்சு மாமி."

மறைக்கவில்லை என் பிள்ளை. அதற்குப் பிறகு அந்தம்மா மேலே நிமிரவே இல்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 3, சனி

தரகர் ரஹ்மத்துல்லா வந்து சொல்லிவிட்டுப் போனார். கையில் அம்புட்டுக் காயம் இருக்கிற பெண் வேண்டாமாம்.

அந்தம்மாவும் அடுப்பில்தானே வெந்திருப்பார்? ஒரு காயம்கூடவா இல்லாமல் இருந்திருப்பார்?

ஜெய்தூன் அழவில்லை. "அவுக வீட்டு அடுப்படி எப்படியோம்மா" என்றாள். நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

சாயங்காலம் பெரிய மச்சான் வந்தார். எல்லாம் என் பிடிவாதத்தால் வந்ததாம், கூடத்தில் சமைத்த கதை சேவுகம்பட்டி வரைக்கும் போயிருக்குமாம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்தார்.

"அண்ணே, அட்டையை முன்னால போடச் சொன்னது நீங்க. சரின்னது நான். பிள்ளை கை வெந்தது நம்ம ரெண்டு பேராலயும். அவளைப் பேசாதீங்க."

தரையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனாலும் சொன்னார். எனக்குக் கோபம் தணிந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஆனால் இதையும் எழுதி வைக்கிறேன். அந்த முதல் வார்த்தையை எழுதினவள் இதை எழுதாமல் விடக்கூடாது.

ஜூன் 6, செவ்வாய்

இன்று கடை கிடையாது. முன்பக்கத்து அட்டையைக் கழற்றுகிறார்கள். "கழட்டுனா ஒண்ணு ரெண்டு உடையும் முதலாளி" என்று அந்தோணிமுத்து எச்சரித்தார். "ஒடஞ்சா ஒடையட்டும்" என்று இவரே ஏணியில் ஏறினார். ஏறத் தெரியாமல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். இரண்டு அட்டை உடைந்தது. மீதிப் பத்தும் கொட்டகைக்கு ஏறிவிட்டது. ஓரத்தில் விட்ட இடைவெளிக்குத் தகரம் வைத்து அடைத்தாயிற்று. புகை போக மேலே வழி விடச் சொன்னேன். விட்டார்கள்.

ஜூன் 7, புதன்

பொறி பறந்தது. பறந்து அணைந்தது.

ஜூலை 9, ஞாயிறு

முன்பக்கத்தில் அவசரத்துக்குப் போட்ட பழைய கீற்று, இரண்டு மழைக்கே ஒழுகுகிறது. வாசலில் நின்ற பெரிய மச்சான், தனக்குத் தெரிந்த இடத்தில் இருபது அட்டை வந்திருக்கிறது, நாளைக்கே இறக்கிவிடலாம் என்றார். இவர் "கேட்டுச் சொல்றேண்ணே" என்று உள்ளே வந்தார்.

நானும் ஜெய்தூனும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் கையில் புண் ஆறி, தோல் சுருங்கி இருக்கிறது. இப்போதெல்லாம் மூடுவதில்லை.

"முன்னால என்ன போடலாம் சல்மா?"

"அங்கே நான் இருக்கப்போறதில்ல. தையல் தைக்கணும்னு சொல்றாளே, அங்கே மிஷினைப் போட்டு உக்காரப்போறது அவ. அவளைக் கேளுங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் குந்தினார். வாசலில் பெரிய மச்சான் தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா போடலாம்?" என்றார் அவளிடம்.

ஜெய்தூன் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"வாங்குறதுக்கு முன்னால என்னையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தா. பாத்துட்டுச் சொல்றேன்."

நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் போகிறார்கள்.