பெட்டிக்குள் எட்டு நெஞ்சுக்கறி

செப்டம்பர் 14, திங்கள்

மார்லா போன் பண்ணினாள். மகள் குரலைக் கேட்டு நாலு வருஷம். "அக்டோபர் பத்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டெரில் வீட்டு ஆளுங்க உன் பிரிஸ்கெட்டை, அந்த மாட்டு நெஞ்சுக்கறியைப் பத்திக் கேள்விப்பட்டிருக்காங்க. சமைச்சுத் தர்றியா?" வா என்று சொல்லவில்லை, சமை என்றுதான் சொன்னாள். அதுவே எனக்குப் போதும். குடியை விட்டுட்டேன் என்று அவளிடம் மூன்று தடவை பொய் சொல்லி, மூன்று தடவையும் கையும் களவுமாக மாட்டினவன் நான். இப்போது நிஜமாகவே விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 20, ஞாயிறு

ஒத்திகை. பொறுக்க முடியாமல், புகை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வெட்டிவிட்டேன். சாறெல்லாம் பலகையில் ஓடிவிட்டது. கறி வெறும் சக்கை. பக்கத்து வீட்டு ரூபேன் ஒரு துண்டை மென்றுவிட்டு, "யோவ் ஆல்வின், இது கறியா, உன் பூட்ஸா? வெட்டுறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் தூங்க விடுய்யா" என்றான். முப்பது வருஷமா சமைக்கிறேன், இந்தப் பொறுமை மட்டும் வரலையே.

அக்டோபர் 3, சனி

குளிரைக் காக்கும் ஐஸ் பெட்டி சூட்டையும் காக்கும் என்று, அதில் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றி, நீரைக் கொட்டினேன். காகிதத்தில் சுற்றிய கறியைப் பழைய துண்டுகளோடு அடைத்து மூடினேன். ஆறு மணி நேரம் தொடவே இல்லை. பஞ்சு மாதிரி வந்தது. ரூபேன் தின்றுகொண்டே இருந்தான்.

அக்டோபர் 10, சனி, காலை 8

எட்டு பிரிஸ்கெட்டும் வெந்துவிட்டன. பெட்டியில் வைத்தாயிற்று. விருந்து மாலை ஆறுக்கு. அதுவரை சூடு நூற்று நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது; இறங்கினால் கிருமி பெருகிவிடும்.

காலை 11

திறந்து பார்த்தேன். சூடாகத்தான் இருக்கிறது.

மதியம் 1.30

மறுபடியும் திறந்தேன். நடுவில் எத்தனை தடவை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "பொணம் எழுந்திரிச்சுதான்னு பாக்கறியா? மூடுய்யா!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரூபேன் கத்தினான்.

மாலை 4.20

நூற்றுப் பதினொன்று. கடவுளே. எட்டிலும் வெப்பமானி ஊசியைக் குத்திப் பார்த்துட்டேன், எல்லாம் அப்படித்தான். எப்ப இறங்கிச்சு? ஒரு மணி நேரமா, மூணு மணி நேரமா? தெரியலையே. திறந்து திறந்து சூட்டை வெளிய விட்ட முட்டாள் நான்தான். திரும்பச் சூடு பண்ணிப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ருசிகூட மாறாது. நூறு பேர் தட்டோட காத்திருப்பாங்க— மார்லாவுக்கு அஞ்சு மாசம், போன்லயே சொன்னா. வயித்துல பிள்ளையோட அவளும் சாப்பிடுவா. ஒரே ஒரு வாய் விஸ்கி இருந்தா— வேண்டாம். எழுதக்கூட வேண்டாம்.

அக்டோபர் 11, ஞாயிறு

நேற்று எட்டையும் குப்பையில் கொட்டிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். மார்லா வெள்ளை கவுனில் நின்றாள். "கறி கெட்டுப்போச்சும்மா. நான்தான் கெடுத்தேன்."

கிட்டே வந்தாள். "வாயைத் திறந்து ஊது."

ஊதினேன். அத்தனை பேர் பார்க்க, ஐம்பத்தாறு வயதில்.

"குடிக்கல," என்றாள், தனக்குத்தானே. அப்புறம், "நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்ன?"

"நீயும் சாப்பிடுவியே."

அழுதாள். கத்தினாள். "என் கல்யாணத்துல கூடவா அப்பா!" மை கன்னமெல்லாம் வழிந்தது. என்னோடு வந்திருந்த ரூபேன் எங்கிருந்தோ சாசேஜும் ரொட்டியும் ஊறுகாயும் அள்ளிக்கொண்டு வந்தான். "டெக்சாஸ்ல பிரிஸ்கெட் இல்லாம ஒரு கல்யாணமா!" என்று டெரிலின் மாமா சிரித்தார். நான் பின்வாசலில் நின்று தட்டுகளைக் கழுவினேன். இரு என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

போன் இல்லை. செத்துப்போகலாம் போல இருக்கிறது. குடிக்கவில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

மார்லா போன் பண்ணினாள். தொட்டில் வந்திருக்கிறதாம். "டெரிலுக்கு ஒரு ஸ்க்ரூ திருகத் தெரியல. நீ வந்து மாட்டிக் குடு" என்றாள். விலாசம் சொன்னாள். நாலு வருஷமாக அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயந்து, இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.