ஜீப்பை நிறுத்தியது சாமியா, கட்டுப்பாட்டு அறையா என்று எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருதல்

அனுப்புநர்
சி. வெற்றிச்செல்வன் (வயது 29),
த/பெ. சின்னராசு,
ஜீப் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
புங்கமேடு, ஜவ்வாது மலை,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: பெண் கேட்கச் சென்ற ஜீப்பின் எஞ்சினைத் தொலைவிலிருந்து பூட்டியது – எனது சொந்த விஷயங்களை உறவினர் முன்னிலையில் ஒலிபரப்பியது – நின்றுபோன திருமணப் பேச்சைத் தொடர ஆவன செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறு ஆண்டுகளாகக் கலசப்பாக்கத்துக்கும் மலைக்கும் இடையே ஜீப் ஓட்டிப் பிழைக்கிறேன். வாடகை வண்டிகள் அனைத்திலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்த வேண்டும், சந்தேகம் ஏற்பட்டால் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே எஞ்சினைப் பூட்டிவிடுவார்கள் என்று சென்ற ஆண்டு ஆணை வந்தது. மலையில் முதல் ஆளாகப் பொருத்திக்கொண்டவன் நான். மற்ற ஓட்டுநர்கள் என்னைக் கேலி செய்தார்கள். அவர்களிடம் அன்று நான் காட்டிய கோபத்துக்கு இப்போது வருந்துகிறேன்.

2. கடந்த 01.06.2025 ஞாயிறு காலை, தேக்குமரத்தூரில் செல்வி அன்பரசியைப் பெண் கேட்க எங்கள் குடும்பத்தார் பதினோரு பேர் எனது ஜீப்பில் புறப்பட்டோம். எங்கள் மலையில் இதற்கு ஒரு முறை உண்டு. போகும் வழியில் சகுனம் சரியில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். அன்று ஓடை வளைவில் விறகுச்சுமை எதிரே வந்தது. திரும்பினோம். இரண்டாம் முறை அதே வளைவில் பாம்பு குறுக்கே போனது. மீண்டும் திரும்பினோம். மூன்றாம் முறை ஒரு பெண்மணி நிறைகுடத்துடன் எதிரே வந்தார். இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்பதால் மரியாதையாக ஜீப்பை நிறுத்தி அவருக்கு வழி விட்டேன். அதன் பிறகு ஜீப் கிளம்பவில்லை.

3. ஒரே இடத்துக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்ததால் வண்டி திருடு போய்விட்டது என்று தங்கள் இயந்திரம் முடிவு செய்து எஞ்சினைப் பூட்டியிருக்கிறது. வழி தெரியாமல் இப்படி முன்னும் பின்னும் அலையும் திருடனை எங்கள் மலையில் யாரும் கண்டதில்லை.

4. கட்டுப்பாட்டு அறைக்குப் பேச வேண்டியிருந்தது. அந்த வளைவில் ஜீப்பின் கூரைமேல் வைத்தால் மட்டுமே கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும். ஆகவே கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கூரைமேல் வைத்துவிட்டு, கீழே நின்று கத்திப் பேசினேன். என் தாய்மாமன் அர்ச்சுனன், அத்தை மாணிக்கம்மாள் உட்பட அனைவரும் சுற்றி நின்றார்கள்.

5. பேசிய அம்மையார் மிகவும் மரியாதையாகப் பேசினார் என்பதைப் பதிவு செய்கிறேன். நான் திருடன் இல்லை என்று உறுதி செய்ய ஒரே ஒரு கேள்வி கேட்டார். மார்ச் இரண்டாம் வாரம் முதல் மே முடிய பன்னிரண்டு புதன்கிழமைகள் இந்த வண்டி தவறாமல் நின்ற இடம் எது என்பதே அக்கேள்வி. ஐயா, நான் அன்பரசியை இதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எங்களில் அப்படிச் சொல்வதுதான் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை. எனவே சந்தை என்று பதில் சொன்னேன். தவறான பதில், இன்னும் ஒரு வாய்ப்புதான் உள்ளது, அதுவும் தவறினால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்றார்.

6. திருடனாவதா, பொய்யனாவதா என்று யோசிக்க எனக்கு அவகாசம் தரப்படவில்லை. தேக்குமரத்தூர் புளியந்தோப்பு என்று கத்தினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். நாற்பது நிமிடம் என்றும் கத்தினேன். சரிபார்க்கப்பட்டது, நன்றி, உங்கள் பயணம் இனிதாகட்டும் என்று சொல்லிப் பூட்டைத் திறந்தார். என் மாமன் என்னைப் பார்த்து, "கண்ணாலகூட பாக்கலன்னியேடா, அப்ப வாரா வாரம் தோப்புல இன்னா பண்ணே?" என்று கேட்டார். புளி தட்டினோம் என்று சொன்னேன். அது உண்மை. தட்டிக்கொண்டே பேசினோம் என்பதும் உண்மை. புளி அதிகம் சேரவில்லை.

7. அன்று பெண் கேட்காமலே வீடு திரும்பினோம்; நடந்தது தேக்குமரத்தூருக்கும் எட்டிவிட்டது. புதன்கிழமைகளை இரு வீட்டாரும் ஒருவாறு மன்னித்துவிட்டார்கள். அன்பரசியின் தந்தை காலில் விழுந்து எழுந்தேன். ஆனால் எஞ்சின் நின்றதை மன்னிக்க முடியாது என்கிறார்கள். நிறைகுடம் போகச் சொல்லியும் ஜீப் போக மறுத்தது என்றால் சாமிக்கே இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்பது அத்தையின் கட்சி. ஆபீசில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியும், "நிறுத்துனது சாமின்னா இந்தப் பேச்சே வாணாம். ஆபீசருன்னா எழுதி, சீல் போட்டு வாங்கினு வா" என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆடி பிறந்தால் கல்யாணப் பேச்சு கிடையாது. ஆவணி பிறந்ததும் அன்பரசிக்கு வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

8. எனக்கு ஏற்பட்ட அவமானத்தைச் சிரித்தே கடந்துவிடுவேன். அன்பரசியால் அது முடியவில்லை. சாமை தீட்டும் மையத்தில் அவர் எழுந்து வெளியே போனால் போதும், நாற்பது நிமிஷம் ஆகுமா என்று உடன் வேலை செய்யும் பெண்கள் கேட்கிறார்கள். ஒரு வாரமாக அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஐயா. அவரிடம் எந்தக் கருவியும் இல்லை, எந்தப் படிவத்திலும் அவர் கையெழுத்திடவும் இல்லை. என் வண்டியைக் கண்காணிக்கப் போய் அவருடைய பெயர் மலை முழுக்கச் சுற்றுகிறது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

9. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) 01.06.2025 அன்று எனது ஜீப்பை நிறுத்தியது கட்டுப்பாட்டு அறைதான், இதில் சாமிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வட்ட முத்திரையிட்ட கடிதம் ஒன்றை ஆனி முடிவதற்குள் வழங்க வேண்டும். நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். பேருந்தில் வருவேன்.

(ஆ) இனி எந்த ஓட்டுநரையும் அடையாளம் காண வண்டி நின்ற இடங்களைக் கேட்க வேண்டாம். உரிம எண், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவற்றை நாங்கள் எவ்வளவு சத்தமாகவும் சொல்லத் தயார். ஆட்கள் ஏறியிருக்கும் வண்டியை, ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மலைப்பாதையில் பூட்டவும் வேண்டாம்.

(இ) அந்தப் பன்னிரண்டு புதன்கிழமைகளின் பதிவைத் தங்கள் இயந்திரத்திலிருந்து அழித்துவிட வேண்டும். அரசுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. எங்கள் இருவருக்கும் அவை மனப்பாடம்.

இணைப்பு: வாகனப் பதிவுச் சான்று நகல், கருவி பொருத்திய சான்று நகல், ஜீப்பில் வந்தவர்களின் கையொப்பங்கள் (அத்தை மட்டும் கையொப்பமிட மறுத்துவிட்டார்).

இடம்: புங்கமேடு
நாள்: 12.06.2025

இப்படிக்கு,
தங்கள் முத்திரைக்காகக் காத்திருக்கும்,
சி. வெற்றிச்செல்வன்