நட்சத்திரம் போட்ட எண்

மார்ச் 3
அக்கா வீட்டுக்காரருக்கு இன்று குடல் புற்றுநோய் ஆபரேஷன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. ஐந்து மணி நேரம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ லேப்ல இருக்கியே, எனக்கு அது போதும்" என்றாள். லேபில் இருப்பவளின் பேச்சை இங்கே யார் கேட்கிறார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 5
மாமாவின் ரத்தத்தில் சி.ஆர்.பி, உடம்பின் அழற்சியைக் காட்டும் அளவு, 168. கத்தி பட்ட உடம்பில் இந்த எண் ஏறத்தான் செய்யும். நாலாம் நாளுக்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அளவு மீறினால் போடும் வழக்கம்போல் மிஷின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டது.

மார்ச் 6
171. பரவாயில்லை. பரவாயில்லையா?

மார்ச் 7
214.

வார்டுக்குப் போன் போட்டேன். சிஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆபரேஷன் கேஸ்னா நட்சத்திரம் வரும், சும்மா போன் பண்ணாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். போன மாதம், வார்டிலிருந்து நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போன் அடித்து உயிரை எடுத்தபோது. என் வாயை எதால் அடிப்பது?

ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரிடம் ஓடினேன். ஐந்தாம் நாளே வீட்டுக்கு அனுப்புவது அவருக்குப் பெருமை. மாநாடு மாநாடாகப் படம் போட்டுக் காட்டுவார். காய்ச்சல் இல்லை, ஆள் சிரிக்கிறார், நாளைக்கு வீடு என்றார். "வயித்தைத் தொட்டுப் பாத்தது நானா, உங்க மிஷினா?"

மூன்று நாள் எண்களையும் ஒரே தாளில் எழுதி நீட்டினேன். பயம்தான், வேறென்ன.

"அனுப்புங்க சார். இதைப் பாத்துட்டுதான் அனுப்பினேன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

பேனாவைத் திறந்தார். பேனா 214-க்குப் பக்கத்தில் நின்றது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 8
குடலைத் தைத்த இடத்தில் கசிவு. உள்ளே சீழ். மறுபடியும் ஆபரேஷன். அக்கா ஆபரேஷன் தியேட்டர் வாசலை விட்டு நகரவில்லை.

மார்ச் 19
மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். டிவி சத்தம் போதவில்லை என்று அக்காவோடு சண்டை. அக்கா திட்டிக்கொண்டே அழுதாள்.

ஃபைலைப் புரட்டினேன். தன் கூர்ந்த கவனத்தால் கசிவைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார். என் தாளைக் காணோம். அதையும் கூர்ந்து கவனித்துத்தான் எடுத்திருப்பார்.

ஏப்ரல் 2
வார்டிலிருந்து காலையிலிருந்து ஒன்பது போன். ஒன்பதும் நட்சத்திரத்துக்குத்தான். எட்டு சும்மா. ஒன்பதையும் எடுத்தேன்.