வலப் பக்கமாக வாருங்கள்

மார்ச் 3

வாலு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமாகத்தான் இருப்பாய், எங்களை விட்டுவிட்டுப் போனவளுக்கு என்ன குறை? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ மூக்கைச் சிந்துவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண். ஊசி போடும்போது நோயாளி மூடுவதற்கு முன்பே அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கட்டில் போதாமல் வராந்தாவிலும் ஆள் படுத்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, "எங்க அந்த வாயாடி?" என்று கேட்டார். "வீட்டு வேலைக்குப் போயிட்டா சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒன்றுதான் ஆறவில்லை. ராஜினாமாவை மேட்ரன் கையில் கொடுத்துவிட்டு, அன்று மதியம் என் எதிரே உட்கார்ந்து என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாய். வாயைத் திறந்தாயா?

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திட்டு வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்து இரண்டு முறை திட்டு வாங்கிக்கொண்டேன்.

சொன்னால் போக விடமாட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் "போகாதே" என்றால் நான் போயிருக்க மாட்டேன். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை.

ஏன் போனேன் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடையில் ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவ நீங்கதான் சிஸ்டர் பாத்துக்கிட்டீங்க" என்றாள். எனக்கு அந்த அம்மாவின் முகமே நினைவில்லை. "எந்தக் கட்டில்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. அன்று வீடு வரைக்கும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இப்போது ஒரே ஒரு நோயாளியை அவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழ். குளுக்கோஸ் பாட்டிலைத் திரைச்சீலைக் கம்பியில் மாட்டுகிறேன். முதல் வாரம் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது, "அக்கா!" என்று கத்தித் திரும்பினேன். பின்னால் ஃப்ரிட்ஜ்தான் நின்றிருந்தது.

அவரை உங்களுக்குத் தெரியும். பக்கவாதம் வந்து நம் வார்டில் கிடந்த கண்டக்டர் ஐயா. சுவரைப் பார்த்தே படுத்திருந்தவரை நீங்கள்தான் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு இன்னும் தெரிவதில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். அந்தப் பக்கமாகப் போய்த் தொட்டால் மிரண்டு அடித்துவிடுவார். நானும் அடி வாங்கினேன். இப்போது வலப் பக்கமாகப் போய், "டிக்கெட் குடுங்க" என்று கையை நீட்டுகிறேன். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொள்வார். பிறகு என்ன செய்தாலும் குழந்தை மாதிரி இருப்பார்.

கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடக்கிறார், அக்கா! "பெரிய சிஸ்டர் வந்து பாக்கட்டும்" என்று தினமும் உங்களைத்தான் சொல்கிறார். அவர் மகளும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பாள். வாருங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 20

வாலு,

ஒரே ஒரு ஆளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். எனக்கு வார்டு இருக்கிறது. புதுப் பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுடைய டியூட்டியும் என் தலையில்.

அவர் நடப்பது சந்தோஷம். முடிந்தால் வருகிறேன் என்று சொல்லி வை.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

"முடிந்தால் வருகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். நான் அவரிடம் "வராங்களாம்" என்று சொல்லிவிட்டேன். என் தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் செய்யச் சொன்னார். வெள்ளைச் சட்டை கேட்டார். வாசலைப் பார்த்து நாற்காலியைப் போடச் சொல்லி, சாயாமல் உட்கார்ந்திருந்தார். மதியம் தாண்டியதும் மகள், "படுத்துக்கப்பா" என்றாள். "பஸ் லேட்டா வரும்மா. அதுக்காக ஸ்டாப்ப விட்டுப் போகலாமா?" என்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது வாரம் சட்டை கேட்கவில்லை.

என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. வாங்கிக்கொள்கிறேன். அவர் வழியாகக் காட்டாதீர்கள்.

வாலு

மே 2

அக்கா,

கண்டக்டர் ஐயாவின் காரியங்கள் முடிந்துவிட்டன. அவர் கட்டில் காலியாகக் கிடக்கிறது. எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

அன்று இருமலும் மூச்சிரைப்புமாக அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். வார்டு வாசலில் உங்களைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "அக்கா, அவருக்கு..." என்று ஆரம்பித்தேன். "கூட வந்தவங்க எல்லாம் வெளிய இருங்கம்மா" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்கள்.

தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டதும் பழைய பழக்கத்தில் என் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. அவரை வலப் பக்கமாக வந்து தொடச் சொல்லிப் புதுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். அவள் உங்களிடம் சொன்னாளா, தெரியவில்லை.

மூன்றாம் நாள் உடம்பைத்தான் கொடுத்தீர்கள். வீட்டில் நான்தான் துடைத்தேன். வலது மணிக்கட்டில் கன்றிப்போன தடம் சுற்றி வர இருந்தது. மகள் பார்த்துவிட்டு, "இது என்ன சிஸ்டர்?" என்றாள். ஊசி போட்ட இடம் என்றேன். அந்தப் பொய்யை யாருக்காகச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 9

வாலு,

நீ கையெழுத்துக்கூடப் போடவில்லை. பரவாயில்லை.

அவர் கையைக் கட்டச் சொன்னது நான்தான். ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கூட நிற்க ஆள் இல்லை, கட்டினோம். எந்த வார்டிலும் செய்வதுதான். இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் நீ இந்த வார்டில் இருந்தவள். உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

புதுப் பெண் வந்து சொன்னாள். "வெளிய நிக்கிறவங்க இங்க வார்டு நடத்த வேணாம்னு போய்ச் சொல்லு" என்றேன். அவள் பாவம், உன்னிடம் அதைச் சொல்ல வாய் வராமல் இருந்துவிட்டாள். அந்தக் கட்டிலுக்குப் போகும் வழி இடப் பக்கம். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகவே போனோம். ஒவ்வொரு முறையும் அவர் மிரண்டார். நீ கடிதத்தில் எழுதியிருந்தாய், நானும் படித்திருந்தேன். உன்னைத்தான் நினைத்துப் படித்தேன், வாலு. அவரை நினைத்துப் படிக்கவில்லை.

கடைசி நாள் மதியம் கட்டை அவிழ்த்து, வலப் பக்கமாகப் போய்க் கையை நீட்டினேன். "ஐயா, பெரிய சிஸ்டர் வந்திருக்கேன்" என்றேன். கண் திறந்தது. என்னைத் தெரிந்ததா, தெரியவில்லை. கையைப் பிடிக்கும் பலம் அவரிடம் இல்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தடம் ஊசியால் வந்ததில்லை, நாங்கள் கட்டியதால் வந்தது என்று மகளிடம் சொன்னேன். அந்தப் பெண் கத்துவாள் என்று நினைத்தேன். "எங்கப்பா ரொம்பப் போராடினாரா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். உன்னையும் சேர்த்துப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. நல்லது செய்யப் போனாலும் உன் தலையில்தான் விடிகிறது.

உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும். வரட்டுமா?

அக்கா

மே 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அவர் மகள் போன் செய்தாள். "உங்கள நம்பித்தான வீட்டச் சாவியோட விட்டுட்டுப் போனேன் சிஸ்டர், நீங்களுமா?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். வைத்துவிட்டாள். நீங்கள் போய்ச் சொன்னதில் தப்பில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்ததுதான் வலிக்கிறது.

இப்போது வேறு வீட்டுக்குப் போகிறேன். மாடியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். நான் போர்வை மடிப்பதற்குக்கூட மதிப்பெண் போடுகிறார். நேற்று பத்துக்கு நான்கு. நம் வார்டாக இருந்தால் உடனே உங்களிடம் ஓடிவந்து சொல்லியிருப்பேன். சொல்ல ஆள் இல்லாமல் நானே சிரித்துக்கொண்டேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். "வாருங்கள்" என்று எழுதிப் பார்த்தேன். கை கேட்கவில்லை, அடித்துவிட்டேன். "வர வேண்டாம்" என்று எழுதிப் பார்த்தேன், அதையும் அடித்துவிட்டேன். இந்தத் தாளில் அந்த அடித்தல் எல்லாம் தெரியும். நல்ல தாளில் திருப்பி எழுதாமல் அப்படியே அனுப்புகிறேன்.

நாளாகும், அக்கா.

வாலு